முதுகு வரையாத சட்டை

‘தெரியாது’ என்ற சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லக் கேட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான். திருநெல்வேலி டவுணில், எங்கள் சந்தில், எதிர்வீட்டில் அவர் குடியிருந்தார். தெருமுனை நியாயவிலைக் கடையில் விற்பனையாளர். பணி ஓய்வுக்குப் பிறகு ஏரலுக்குப் போய்விட்டார். வயதில் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்று அழைப்பேன். சந்தில் பெரும்பாலோர்க்கும் அவர் அக்காதான்.

நியாயவிலைக் கடையில் நிற்பவரிடம் ஊர் எதிர்பார்க்கும் ஒரு பேச்சு உண்டு. பாமாயில் எப்போது வரும் என்று கேட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்ல வேண்டும். நாளை போனால் ‘திங்கட்கிழமை பாருங்க’ என்று சொல்ல வேண்டும். கேட்பவருக்கும் அது பொய்யென்று தெரியும். இருந்தாலும் ஏதோ ஒரு நாளை நெஞ்சில் குறித்துக்கொண்டு வீடு திரும்புவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அக்கா அந்த ஆறுதலை ஒருவருக்கும் வழங்கியதில்லை.

“எண்ணெய் எப்பம்மா வரும்?”

“தெரியாது.”

“ஒரு குத்துமதிப்பா சொல்லேன்.”

“குத்துமதிப்பாவும் தெரியாது அண்ணாச்சி. வண்டி வந்து நின்னா வரும்.”

பழைய இரும்பு வாங்கி விற்கும் அண்ணாச்சி ஒருவர் ஒரு நாள் பொறுமையிழந்தார். “ஏம்மா, இந்த வெயில்ல நான் நடந்து வந்தது தெரியாதுங்கிற சரக்கை வாங்கிட்டுப் போகவா?”

“அந்தச் சரக்குதான் அண்ணாச்சி நிறையக் கிடக்கு. பையைப் பிடிங்க, எவ்வளவு வேணும்?”

வரிசையே சிரித்தது, அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். ஆனால் அதே அக்கா ‘வியாழக்கிழமை காலைல துவரம்பருப்பு’ என்று சொல்லிவிட்டால், அந்த வாரம் சந்தில் ஒரு வீட்டுக்காரரும் பருப்புக்காக மளிகைக் கடைப் படி ஏறமாட்டார்.

என் மனைவியின் பேறுகாலத்தில் அவள் தாய் வெளியூரிலிருந்து வந்துசேரத் தாமதமாகிவிட்டது. அவள் கலங்குவதைக் கண்ட அக்கா, “நீ உள்ள போனதும் வாசல்ல நான் நிப்பேன்” என்றார். பாளையங்கோட்டை மருத்துவமனையில் அப்படியே நின்றார். செவிலியர் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நானும் உட்காரும்படி கெஞ்சினேன்.

“நிப்பேன்னுதான் தம்பி அவகிட்ட சொல்லியிருக்கேன்.”

சுவரில்கூடச் சாயவில்லை. உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் எழுந்த பிறகே உட்கார்ந்தார். பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்துவிட்டன. என் மனம் நெகிழ்ந்தது. கூடவே ஓர் அச்சமும் உள்ளே புகுந்தது. தான் சொன்ன சொல்லுக்கு இப்படிக் கட்டுப்படுகிறவர், நிறைவேற்ற முடியாத ஒன்றை ஒரு நாள் சொல்லிவிட்டால் என்ன ஆவார்?

அவரைக் கல்நெஞ்சுக்காரி என்றவர்களும் உண்டு. கணவர் நோயுற்றுக் கிடந்தபோது, ‘பிழைச்சிருவேனா’ என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்ற உறவினர் எல்லாரும், ‘ஒனக்கு என்ன கொறைச்சல், அடுத்த மாசம் எழுந்து நடப்பே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும், “தெரியாது. நான் இங்கனதான் இருப்பேன்” என்றாராம். கணவர் இறந்த பிறகு உறவினர்கள் பல காலம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அந்த மாதங்களில் அக்கா அந்தக் கட்டிலை விட்டு அகலவில்லை என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

ஒரே மகன். மின்பணி படித்துச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். அவனை வழியனுப்ப நெல்லைச் சந்திப்புக்கு நானும் போயிருந்தேன். வண்டி புறப்படும் வேளையில் அவன் சன்னல் வழியே தாயின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எம்மா, ஒண்ணும் ஆகாது, போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

அக்கா அவன் சட்டையின் மேல்பொத்தானை மாட்டிவிட்டார். “காத்து அடிக்கும். கழுத்தை மூடிக்கோ” என்றார்.

அவனுடைய கப்பல் எங்கோ தொலைவில், ஆப்பிரிக்கக் கரையோரமாகப் போகையில் எந்திரக் கோளாறால் ஒரு துறைமுகத்தில் ஒதுங்க நேர்ந்தது. அந்தக் கரையில் ஒரு நிலப்பகுதி தன்னைத் தனிநாடு என்று சொல்லிக்கொள்கிறது. அதற்குக் கொடி உண்டு, படை உண்டு, படைக்கென்று தனிச் சட்டையும் உண்டு. ‘அது எங்கள் மாகாணம்’ என்கிறது பக்கத்து அரசு. உலகமும் அதையே வழிமொழிந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. உலகப்படத்தில் அதன் எல்லையைப் புள்ளிக்கோடாகவே போடுகிறார்கள். கப்பல் நிறுவனத்தார் அந்தப் பக்கத்து அரசிடம் அனுமதி வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். எங்கள் கடலுக்குள் வர அவர்கள் யார் அனுமதி கொடுக்க என்று, இந்தப் படை கப்பலைப் பிடித்துக்கொண்டது. ஆள்களையும் இறங்கவிடவில்லை.

செய்தி வந்ததும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனோம். அங்கிருந்த அலுவலர் மனுவைப் பொறுமையாகப் படித்தார்.

“நம்ம அரசாங்கம் அந்த ஆட்களோட நேராப் பேச முடியாதும்மா. அப்படி ஒரு நாடு இருக்கதாவே நாம ஒத்துக்கிடல. சுத்திவளைச்சு வேற ஆளுங்க மூலமாத்தான் கேக்கணும்.”

“எவ்வளவு நாள் ஆகும் சார்?”

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அது தெரியாதும்மா.”

அக்கா கைகூப்பினார். வெளியே வந்ததும் என்னிடம், “நல்ல மனுசன். உள்ளதைச் சொன்னாரு” என்றார். அன்று எனக்கு அக்காமேல் கோபம்தான் வந்தது.

பிறகு பல வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. ஒரு நாள் அக்காவின் கைபேசிக்கு ஒரு புகைப்படம் வந்தது. கப்பலின் மேல்தளத்தில் மகன் நிற்கிறான், கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. அவனை ஒட்டி, தோளில் துப்பாக்கியோடு ஒரு படைவீரன், இடுப்புவரை தெரிந்தான். மணல் நிறச் சட்டை. அதில் காய்ந்த சாண நிறத்தில் பெரிய திட்டுகள். திட்டுகளின் ஓரங்களில் வேப்பிலைப் பச்சையில் சிறு தீற்றல்கள். புகைப்படத்தைத் தொடர்ந்து மகனே பேசினான். நானும் என் மனைவியும் அப்போது பக்கத்தில் இருந்தோம்.

“எம்மா, நான் வந்துருவேன்லா?”

“தெரியாது மக்கா. சாப்பிடுதியா?”

அழைப்பு அறுந்துபோனது. என் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். “ஏன்க்கா, வந்துருவேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சிரும் ஒங்களுக்கு? பிள்ளை கேக்கான்லா?”

அக்கா எழுந்து சுவரில் மாட்டியிருந்த முத்தாரம்மன் படத்தின் முன்னால் போய் நின்றார். கைபேசியை அம்மனுக்கு நேராக நீட்டினார். நியாயவிலைக் கடையில் பேசுவதைப் போலவே, குரலை உயர்த்தாமல் பேசினார்.

“தாயே, இந்தா பாரு படம். எம்பிள்ளை எங்கண்ணு முன்னால வந்து நின்னான்னா, பக்கத்துல நிக்கவன் சட்டையை, இந்தப் படத்துல உள்ளபடியே போட்டுக்கிட்டு, தர்மம் எடுத்து ஒனக்குக் கொண்டாந்து சேத்துருதேன்.”

குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் காப்புக் கட்டி, வேடம் புனைந்து, ஊர் ஊராய் வீடு வீடாய்க் கையேந்தி, கிடைத்ததைக் கோயிலில் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காளியாக வருவார்கள், அரசனாக வருவார்கள், குரங்காகவும் வருவார்கள். மகனைப் பிடித்துவைத்திருப்பவர்களின் சட்டையில் வருகிறேன் என்று வேண்டிக்கொண்ட தாயை நான் கேள்விப்பட்டதில்லை. நான் அஞ்சிய சொல்லை அவர் சொல்லிவிட்டதாகத் தோன்றியது.

பிள்ளை வருவதற்கு முன்பே சட்டை வேலை தொடங்கிவிட்டது. எங்கள் தெருத் தையல்காரர் பட்டாளத்துத் துணிகளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“இந்தா, பச்சையில இருக்கு, காக்கியில இருக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு டவுசர் தைக்கதுக்கு வந்தது. எது வேணும்க்கா?”

அக்கா கைபேசியைத் துணியின்மேல் வைத்து ஒப்பிட்டார். “இது இல்ல.”

“அம்மனுக்கு இதையெல்லாம் உத்துப் பாக்கவா நேரம் இருக்கு?”

“அம்மன் பாக்குமோ என்னமோ. எனக்குத் தெரியுமே.”

கடைசியில் மணல் நிறப் பருத்தித் துணியில் வெறுஞ்சட்டை ஒன்று தைத்து வாங்கிக்கொண்டார். துணிச்சாயமும் தூரிகையும் வாங்கினார். விடுமுறை நாள்களில் சன்னலோரம் உட்கார்ந்து, படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு திட்டாகத் தீட்டினார். ஒரு நாள் போய்ப் பார்த்தபோது, இடக்கையின் மேற்பகுதியில் மட்டும் சாயம் படாமல் வளைவாக ஓர் இடம் விடப்பட்டிருந்தது.

“இங்கன ஏன்க்கா விட்டுட்டீங்க?”

“அங்கன எம்பிள்ளை தோள் மறைக்கி தம்பி. அடியில என்ன இருக்கோ, யாரு கண்டா?”

சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு முழுவதும் வெறும் மணல் நிறம். கேட்கத் தேவையில்லை, படத்தில் முதுகு இல்லை.

நெடுநாளாய் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். “அம்மனுக்கு வேற எத்தனையோ வேண்டுதல் இருக்கே. போயும் போயும் இந்தச் சட்டையை ஏன்க்கா சொன்னீங்க?”

தூரிகையைத் தண்ணீரில் அலசியபடியே சொன்னார். “படம் வந்ததும் பிள்ளை முகத்தைப் பாக்கப் பயமா இருந்துச்சு. எப்படி ஆயிட்டானோன்னு. அதான் பக்கத்துல இருந்த சட்டையவே பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம். அதைப் பாத்துப் பாத்துத் தைரியம் வந்தபொறவுதான் அவனைப் பாத்தேன்.”

சட்டையை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி அவர் மடியில் வைத்தேன்.

அவரவர் யார் யாரிடமோ பேசி, யார் மூலமாகவோ செய்தி போய், கப்பலை விடுவித்துவிட்டார்கள் என்ற தகவல் வந்தது. மும்பைக்கு வந்துவிட்டான் என்று அடுத்த தகவல். எந்த வண்டியில் இடம் கிடைக்கும் என்பது மட்டும் அவனுக்கே தெரியவில்லை. அக்கா விடுப்பு எடுக்கவில்லை. மாதத் தொடக்கம், கடையில் நல்ல கூட்டம். நானும் பையோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

“எண்ணெய் எப்ப வரும்?”

“தெரியாது” என்றார் அக்கா, தராசிலிருந்து கண்ணெடுக்காமல்.

“ஒரு குத்துமதிப்பா சொல்லும்மா.”

அக்காவின் கை அரிசிமேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். தராசில் இருந்த அரிசி வேறொரு மூதாட்டியுடையது. அதை அளவு சரிபார்த்து அவர் பையில் கொட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். மகனுடைய இரு தோள்களையும் பிடித்து, கைகளைத் தடவி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, நிக்கியா?”

“நிக்கேம்மா.”

“எங்கண்ணு முன்னாலதான் நிக்க?”

“ஒங்கண்ணு முன்னாலதான்.”

அப்போதுதான் அழுதார். வரிசையில் ஒருவரும் தங்கள் முறை போவதைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

வீட்டில் மாட்டியிருந்த சட்டையைப் பார்த்து மகன் வாயைப் பிளந்தான். அந்த வீரன் கெட்டவன் இல்லையாம். அவனுக்கும் சம்பளம் ஒழுங்காக வருவதில்லையாம். தேநீரில் பாதி கொடுப்பானாம். மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் தன் கைபேசியைக் கொடுத்து, படமும் எடுத்து அனுப்பவைத்தவனே அவன்தானாம். “அவன் முதுகை நான் நித்தம் பாத்தவன்மா. பெரிய திட்டு ஒண்ணு குறுக்கால வரும். நான் சொல்லுதேன், வரைஞ்சிரு.”

“நான் பாக்கலியே.”

“அதான் நான் பாத்தேன்ங்கேன்லா.”

“அம்மன்கிட்ட படத்துல உள்ளபடின்னு சொன்னது நான்தான லே?”

வேறொரு கப்பல் நிறுவனம் அவனுக்கு அழைப்பு அனுப்பியிருந்தது. தர்மம் எடுத்து முடிக்காமல் அவன் கடலில் கால் வைக்கக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த ஆண்டு தசரா நெருங்கியபோது, காவல்துறை, படைத்துறைச் சீருடைகளைப் போன்ற வேடங்களுக்கு இடமில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். தையல்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பேசாம ராணி வேஷம் போட்டுருங்கக்கா. ஒங்க உசரத்துக்குக் கிரீடம் எடுப்பா இருக்கும்.”

“ராணியாவா வாறேன்னு சொன்னேன்?”

“போலீஸ்காரன் கழத்தச் சொன்னா என்ன செய்வீங்க?”

அக்கா சட்டையின் ஓரத்தை நீவிவிட்டார். “தெரியாது” என்றார். அந்த ஒருமுறை அவர் தலை நிமிரவில்லை.

காப்புக் கட்டி, நோன்பிருந்து, வீதிகளில் கையேந்தினார். படத்தில் இடுப்புக்குக் கீழே இல்லை. ஆகவே சட்டைக்குக் கீழே சிவப்புச் சேலைதான். ரத வீதியில் பையன்கள் கத்தினார்கள்: “ஏலே, முன்னால மிலிட்டரி, பின்னால வெறுந்துணி!” அக்கா அவர்களிடமும் தட்டை நீட்டினார். மகன் கூடவே நடந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னான். கதை கேட்டவர்கள் தட்டில் போட்டுவிட்டு, அவன் கையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் பிற்பகல், குலசேகரன்பட்டினத்துக்கு வேனில் போனோம். ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மேளங்களுக்கும் காளிகளுக்கும் நடுவில் நெருக்கியடித்து நடந்தோம். தடுப்புக் கம்பிகளுக்கு அருகே இளவயது உதவி ஆய்வாளர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

“நில்லுங்கம்மா. பட்டாள டிரெஸ் கூடாதுன்னு மைக்ல சொல்லுதோம்லா, காதுல விழலியா?”

“விழுந்துது சார்.”

“விழுந்துமா போட்டுட்டு வாறீங்க? இது எந்தப் பட்டாளம்? நம்ம பட்டாளம் மாதிரியும் இல்லையே. ஏதாவது இயக்கமா?”

“இயக்கம் இல்ல சார், நாடு” என்ற மகன் அதன் பெயரையும் சொன்னான்.

உதவி ஆய்வாளர் கைபேசியில் தேடினார். “இப்படி ஒரு நாடே இல்லைன்னு போட்டிருக்கே. எவனும் ஒத்துக்கிடலையாம்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். எம்பிள்ளை அங்கன இருந்தான். இப்ப இங்கன நிக்கான்.”

அவர் மகனைப் பார்த்தார். குரல் சற்றுத் தணிந்தது. ஆனால் உத்தரவு உத்தரவுதான். “நீங்க சொல்லுதது புரியுதும்மா. என்னால ஒண்ணும் செய்ய முடியாது. சட்டையைக் கழத்திப் பையில வச்சுக்கிட்டு உள்ள போங்க. அம்மன் ஏத்துக்கிடும்.”

அக்கா வாதாடத் தெரியாதவர்; பொய் சொல்லவும் தெரியாதவர். கழற்றினால் சொன்ன சொல் போகும். சொல் போனால் மகனுக்கு என்ன நேரும் என்பது, அவரைப் பொறுத்தவரை, அந்தக் கம்பிகளுக்கு இப்புறமே முடிவாகிவிடும். மகனிடம் தட்டைக் கொடுக்கத் திரும்பினார்.

“இருங்க, இருங்க” என்றார் உதவி ஆய்வாளர். “முதுகுல என்ன, ஒண்ணையும் காணும்?”

“வரையல சார்.”

“ஏன்?”

“பின்பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது சார்.”

பக்கத்தில் நின்ற வயதான காவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “சார், முதுகு இல்ல, கையில பாதி இல்ல, கீழ சேலை. இதைப் பட்டாளம்னு எழுதினா நம்ம பாடு சிரிப்பாச் சிரிச்சிரும் சார்.”

உதவி ஆய்வாளர் அக்காவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். “பாக்கவன் நெசம்னு நம்பி ஏமாந்துரக் கூடாதுன்னுதான் உத்தரவு. இதைப் பாத்து எவன் ஏமாறுவான்?” கம்பியை அவரே விலக்கினார். “போங்கம்மா. பைய போங்க, கூட்டம் நெரிக்கி.”

அக்கா நெடுமூச்சு விட்டார். வெகுநாளாய் உள்ளே அடைத்துவைத்திருந்த மூச்சு அது; எனக்கே கேட்டது. வயதான காவலர் தட்டில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு நெற்றியைக் காட்டினார். வேடமிட்டவர் கையால் திருநீறு வாங்கினால் அம்மனே தந்ததற்குச் சமம்.

“தாயி, எனக்கு ஊர்ப்பக்கம் மாறுதல் கிடைக்குமான்னு ஒரு வாக்குச் சொல்லிட்டுப் போ.”

“தெரியாது” என்றார் அக்கா, திருநீற்றைப் பூசியபடி. “கேட்டுப் பாக்கேன்.”

“அது போதும் தாயி” என்றார் அவர். “காலையில இருந்து பதினெட்டுக் காளி கிடைச்சிரும்னு சொல்லிட்டுப் போயிட்டு. கேட்டுப் பாக்கேன்னு ஒருத்தியும் சொல்லல.”

நான் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே கடற்காற்றில் கூட்டம் அலையலையாய் நகர்ந்தது. கிரீடங்களும் செஞ்சடைகளும் நீண்ட நாக்குகளும் கண்ணைப் பறித்தன. அவற்றின் நடுவே, ஒன்றும் தீட்டாத அந்த முதுகு போய்க்கொண்டிருந்தது. நெரிசலில் தாயைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று, மகன் தன் உள்ளங்கையை அதன்மேல் அகல விரித்து வைத்திருந்தான்.